கெர்னல் மாறும்போது கூடவே மாறும் கோப்புகள்

லினக்ஸ் இயங்குதளத்தின் மைய நிரலான கெர்னலைப் புதுப்பிக்கும்போது பல கோப்புகள் சேர்ந்து மாறுகின்றன. கெர்னல் என்று வழங்கும் சுருக்கிய கோப்பு பத்து, பதினைந்து எம்பிக்குள் அடங்கிவிடும். ஆனால் அது மட்டும் இருந்தால் ஒரு கணினி எழும்பாது. வன்தட்டை அடையாளம் காணத் தேவையான டிரைவர்களை ஆரம்பத்திலேயே கெர்னலின் கையில் கொடுக்க இனிட்ராம்எஃப்எஸ் என்ற தொடக்கக் கோப்பு வேண்டும். வைஃபை, ஒலி, திரை, யூஎஸ்பி என்று ஒவ்வொன்றையும் இயக்கும் மொடியூல்கள் ஆயிரக்கணக்கில் ஒரு கோப்புறைக்குள் இருக்க வேண்டும். எந்த மொடியூல் எதைச் சார்ந்தது என்ற பட்டியல், கெர்னல் எந்த வசதிகளோடு கட்டப்பட்டது என்ற அமைப்புக் கோப்பு, உள் முகவரிகளைக் காட்டும் சிஸ்டம் மேப், வெளியிலிருந்து வரும் டிரைவர்களைக் கட்டுவதற்கான ஹெடர் கோப்புகள், இவற்றையெல்லாம் எங்கே தேடுவது என்று தொடக்க நிரலான கிரப்புக்குச் சொல்லும் பட்டி ஆகியவையும் சேர்ந்தே வருகின்றன. ஒரு கெர்னலுக்குரிய துணைக்கோப்புகள் இன்னொன்றுக்குப் பொருந்தா. எழும்பிய கெர்னல் தன் பதிப்பெண்ணைப் பெயராகக் கொண்ட கோப்புறைக்குள் மட்டுமே மொடியூல்களைத் தேடும். வேறொன்றுக்காகக் கட்டியதை வலிந்து கொடுத்தால் பெரும்பாலும் பதிப்பு முத்திரை ஒத்துவரவில்லை என்று மறுத்துவிடும்.

இவை எல்லாம் ஒரே அளவுக்கு முக்கியமானவை அல்ல. சிஸ்டம் மேப் இல்லாமல் கணினி தாராளமாக இயங்கும். அது பழுது ஆராய்பவருக்கான கோப்பு. டெபியனில் அந்தப் பெயரில் இருப்பது, உண்மையான கோப்பு பிழைதேடும் பொதிக்குள் இருக்கிறது என்று சொல்லும் ஒரு வரி மட்டுமே. அமைப்புக் கோப்பும் இயங்குவதற்குத் தேவையில்லை. தொடக்கக் கோப்பும் மொடியூல் கோப்புறையும் அப்படியல்ல. பொது விநியோகக் கெர்னல்கள் பெரும்பாலானவற்றில் முதலாவது இல்லையென்றால் கணினி எழும்பாது. இரண்டாவது இல்லையென்றால் எழும்பினாலும் வேலைக்கு ஆகாது. துணைக்கோப்புகளைப் பேணும் எந்த முறையையும் இந்த இரண்டையும் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

இன்று பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களில் நடைமுறையில் உள்ள முறை எளிமையானது. ஒவ்வொரு கோப்பின் பெயரோடும் கெர்னலின் முழுப் பதிப்பெண் ஒட்டப்படுகிறது. புதியது வரும்போது பழையதை அழிப்பதில்லை, பக்கத்தில் வைக்கிறார்கள். பூட் என்ற கோப்புறையைத் திறந்தால் இரண்டு அல்லது மூன்று கெர்னல்கள், தத்தம் தொடக்கக் கோப்போடு, பெயரைப் பார்த்தே சோடி சேர்க்கக்கூடியபடி வரிசையாக நிற்கும். புதியது சரிவராவிட்டால் தொடக்கப் பட்டியில் பழையதைத் தெரிவு செய்து திரும்பிவிடலாம்.

இந்த ஒழுங்கு தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை. 1990களில் கெர்னலைக் கையால் கட்டியவர்கள் பழைய கோப்பின் பெயருக்குப் பின்னால் ‘ஓல்ட்’ என்று சேர்த்துவிட்டுப் புதியதை அதே இடத்தில் வைத்தார்கள். அதில் ஒரே ஒரு படி மட்டுமே பின்னால் போக முடியும். மொடியூல்களுக்கு அந்தப் பாதுகாப்பும் சில வேளைகளில் கிடைக்காது. அக்காலத்துத் தொடக்க நிரலான லிலோவுக்குக் கோப்பு முறைமையை வாசிக்கத் தெரியாது. கெர்னல் வன்தட்டில் எந்தத் தொகுதிகளில் கிடக்கிறது என்ற இலக்கங்களை அது குறித்து வைத்துக்கொள்ளும். கோப்பை மாற்றிவிட்டு லிலோவை மறுபடி ஓட்ட மறந்தவருக்குக் கணினி எழும்பாது. கோப்பின் பெயரைக் கொண்டே தேடத் தெரிந்த கிரப் வந்தபின், பதிப்பெண்ணைப் பெயரில் ஒட்டும் முறை முழுப் பயன் தந்தது.

முறையின் பலம் எங்கே வெளிப்படுகிறது என்பதைக் கல்குடா போன்ற ஓர் இடத்தை வைத்துப் பார்த்தால் நன்றாக விளங்கும். மட்டக்களப்பு வாவிக்கு வடக்கே, வாழைச்சேனைக்கும் பாசிக்குடாவுக்கும் பக்கத்தில் உள்ள கரையோரம் அது. அங்குள்ள ஒரு பாடசாலைக் கணினிக் கூடமோ ஒரு வீட்டு மேசைக் கணினியோ கெர்னலைப் புதுப்பிக்கும் அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் நிற்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அது நேரம் அறிவித்து வந்த வெட்டு. 2020 ஓகஸ்ட் 17, 2023 டிசம்பர் 9, 2025 பெப்ரவரி 9 ஆகிய நாட்களில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது எந்த அறிவிப்பும் இல்லாமல். 2022இல் ரூபாயின் பெறுமதி வீழ்ந்தபின் யூபிஎஸ்ஸும் அதற்கான மாற்று பற்றரியும் பலருக்கு எட்டாத பொருள்களாகின. ஆக, புதுப்பிப்பு பாதியில் அறுந்துபோவதை விபத்தாக அல்ல, எதிர்பார்க்க வேண்டிய நிகழ்வாகவே கொள்ள வேண்டும்.

அந்த நிலையில் டெபியனும் உபுண்டுவும் பின்பற்றும் வரிசை பாராட்டத்தக்கது. கெர்னல் பொதி விரிக்கப்பட்டதும் ஓட வேண்டிய சிறு நிரல்கள் ஒரு கோப்புறைக்குள் இருக்கின்றன; ஆங்கில எழுத்து வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாக அவை ஓடும். வெளி டிரைவர்களைக் கட்டும் டிகேஎம்எஸ் முன்னால் வரும். அதன்பின் தொடக்கக் கோப்பை உருவாக்கும் நிரல். கிரப் பட்டியைத் திருத்தும் நிரலின் பெயருக்கு முன்னால் வேண்டுமென்றே இரண்டு இசட் எழுத்துகளைப் போட்டிருக்கிறார்கள், அது கடைசியில்தான் ஓட வேண்டும் என்பதற்காக. தொடக்கக் கோப்பும் நேரடியாக அதன் இறுதிப் பெயரில் எழுதப்படுவதில்லை. ‘நியூ’ என்ற ஒட்டோடு தற்காலிகமாக எழுதி, முழுமையானபின் பெயரை மாற்றுகிறார்கள். இந்த இரண்டு சிறு ஏற்பாடுகளின் விளைவு பெரியது. இடையில் எந்தக் கணத்தில் மின்சாரம் நின்றாலும் கிரப் பட்டி பழைய கெர்னலையே காட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கெர்னலின் கோப்பு எதையும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். மின்சாரம் வந்ததும் கணினி பழையதில் எழும்பும். டிபிகேஜி என்ற பொதி மேலாளருக்கு, பாதியில் நின்றவற்றை முடி என்று ஒரு கட்டளை கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும்.

ஆர்ச் லினக்ஸோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். அங்கே கெர்னல் கோப்பின் பெயரில் பதிப்பெண் கிடையாது. புதியது பழையதன் மேலேயே எழுதப்படுகிறது. பழைய மொடியூல் கோப்புறையும் அகற்றப்படுகிறது. புதுப்பித்து முடித்தபின் மீள இயக்காமல் ஒரு பென் டிரைவைச் செருகினால் அது தெரியாமலே போகலாம். ஓடிக்கொண்டிருக்கும் பழைய கெர்னல் தன் மொடியூலைத் தேடிப் போகும். அங்கே கோப்புறையே இருக்காது. இடம் மிச்சம், ஒழுங்கும் துப்புரவு. ஆனால் பாதியில் கரண்ட் போனால் திரும்பிப் போக இடமில்லை. வேறொரு கணினியில் மீட்புப் பென் டிரைவ் தயாரித்து வரக்கூடியவருக்கே அந்த முறை பொருந்தும். பொதுக் கூடத்துக்கு அது தவறான தெரிவு.

பலம் இவ்வளவு என்றால், பலவீனங்களில் முதலாவது, வன்தட்டில் அது பிடிக்கும் இடம். பதிப்பெண்ணோடு பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் முறைக்கு ஓர் இயல்பான முடிவு கிடையாது. யாராவது பழையதை அகற்றும்வரை அது வளர்ந்துகொண்டே போகும். உபுண்டுவில் சில வாரங்களுக்கு ஒருமுறை புதிய கெர்னல் வருகிறது. தொடக்கக் கோப்பு எல்லா வகை வன்பொருளுக்கும் பொருந்தும்படி கட்டப்படுவதால் நூறு எம்பியை நெருங்குவது வழக்கம். கெர்னல், சிஸ்டம் மேப் எல்லாம் சேர்த்து ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 120 எம்பி என்று கொண்டால், பூட்டுக்கென ஒதுக்கிய 500 எம்பி பார்ட்டிஷனில் மூன்று தொகுதிகள் நிற்கும். நான்காவதைக் கட்டும்போது இடம் முட்டும். வன்தட்டைக் குறியாக்கம் செய்தோ எல்விஎம் முறையிலோ நிறுவிய பழைய கணினிகளில் இந்தப் பார்ட்டிஷன் கால் ஜிபி அளவிலேயே இருந்தது. அதில் இரண்டு தொகுதிகளுக்கு மேல் வைப்பது கடினம். இன்னொரு நுட்பமும் உண்டு: தொடக்கக் கோப்பு தற்காலிகப் பெயரில் எழுதப்பட்டுப் பின்னரே மாற்றப்படுவதால், இருக்கும் கோப்பைப் புதுப்பிப்பதற்கும் ஒரு முழுக் கோப்பு அளவுக்கு வெற்றிடம் வேண்டும். மின்வெட்டிலிருந்து காப்பாற்றும் அதே ஏற்பாடுதான் இடத்தையும் கேட்கிறது.

இடம் போதாதபோது நடப்பது இந்த முறையின் மிக மோசமான முகம். கெர்னல் கோப்பு சிறியது. அது வந்து உட்கார்ந்துவிடும். தொடக்கக் கோப்பு பெரியது. பாதியில் ‘இடம் இல்லை’ என்று நின்றுவிடும். திரையில் பிழைச் செய்தி ஓடும்; பலர் அதைப் பார்ப்பதில்லை. பிறகு வேறெந்தக் காரணத்துக்காகவோ கிரப் பட்டி மறுபடி எழுதப்படும்போது, பூட் கோப்புறையில் கிடக்கும் புதிய கெர்னலை அது கண்டு பட்டியலின் தலையில் வைத்துவிடும். தொடக்கக் கோப்பைத் தேடும், கிடைக்காது. அந்த வரியை விட்டுவிட்டு எழுதும். அடுத்தநாள் காலையில் கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் வரிகள் ஓடிக் கடைசியில் கெர்னல் பேனிக் என்று நிற்கும். ரூட் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை, தொகுதி இன்னதென்று தெரியவில்லை, இலக்கம் சுழியம், சுழியம் என்பதே அந்தச் செய்தியின் பொருள். அந்த இரண்டு சுழியங்களையும் பார்த்துவிட்டு வன்தட்டு பழுது என்று தீர்மானித்துப் புதியது வாங்கிப் போடுவது எளிதில் நடக்கக்கூடிய தவறு. வன்தட்டில் பிழையே இல்லை. அதைத் திறக்கும் டிரைவரைத் தர வேண்டிய கோப்பு இல்லை, அவ்வளவுதான்.

பெயர் ஒத்திருப்பதை மட்டும் பார்ப்பது இந்த முறையின் அடிப்படைக் குறை. பொதியாக வரும் கோப்பு ஒவ்வொன்றுக்கும் சரிபார்ப்புக் கூட்டுத்தொகை உண்டு. கெட்டுப்போனதா என்று கேட்டால் பொதி மேலாளர் பதில் சொல்லும். தொடக்கக் கோப்பு பொதியில் வருவதில்லை. அந்தந்தக் கணினியிலேயே கட்டப்படுகிறது. ஆகவே அதன் சரியான வடிவம் எது என்று எந்தப் பட்டியலிலும் பதிவில்லை. கணினி எழும்புவதற்கு மிக அவசியமான துணைக்கோப்பே சரிபார்ப்புக்கு வெளியே நிற்கிறது. கெர்னலைப் பட்டியின் முதலிடத்துக்கு ஏற்றுவதற்கு முன் அதற்குரிய தொடக்கக் கோப்பு இருக்கிறதா, மொடியூல் கோப்புறை முழுமையா என்று பார்க்கும் ஒரு சிறு சோதனை இந்த விபத்துகளில் பெரும்பங்கைத் தடுத்திருக்கும்.

பழைய தொகுதிகளை எத்தனை வைத்திருப்பது என்பதில் விநியோகங்கள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. தமிழர் வாழும் இடங்களில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த மூன்றை எடுத்துக்கொண்டால் இந்த வேறுபாடு தெளிவாகும். 2006, 2007 காலப்பகுதியில் தமிழ்நாட்டு அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2011இல் தமிழ்நாட்டில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்த்து, சீ-டாக்கின் சென்னை மையம் டெபியனை அடியாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் கொடுக்கப்பட்டது. இலங்கையில் உருவான ஹந்தான லினக்ஸ் பெடோராவை அடியாகக் கொண்டது. வழிவந்த விநியோகம் எதுவும் தன் தாயின் கொள்கையோடுதான் வருகிறது. பெடோரா எண்ணிக்கையால் அளக்கிறது: இயல்புநிலையில் மூன்று கெர்னல்கள், நான்காவது வந்தால் மிகப் பழையது போகும், ஓடிக்கொண்டிருப்பதை மட்டும் தொடாது. டெபியன் வழியில் ஓடுவதும் மிகப் புதியவையும் காக்கப்படுகின்றன. மற்றவை அகற்றத்தக்கவை என்று குறிக்கப்படுகின்றன, ஆனால் ஆட்டோரிமூவ் கட்டளையை யாராவது ஓட்டினால்தான் போகும். உபுண்டுவில் தானியங்கிப் புதுப்பிப்புச் சேவை இதைச் செய்துவிடுகிறது. சூசே இன்று மூன்று சொற்களில் கொள்கையை அமைப்புக் கோப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது: புதியது, அதற்கு முந்தியது, ஓடுவது. வாசிப்பவர் எவருக்கும் விளங்கும், திருத்தவும் எளிது. மூன்றிலும் சிறந்தது இதுவே. டெபியன் மனிதரின் நினைவை நம்புகிறது. கணினிக் கூடத்துக்குப் பொறுப்பான ஆசிரியருக்கு ஆயிரம் வேலை இருக்கும்போது அந்த நம்பிக்கை பலிப்பதில்லை.

ஆனால் மூன்றுக்கும் பொதுவான ஒரு குறையும் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை நல்ல கெர்னல் என்று எடுத்துக்கொள்கின்றன. எழும்புகிறது என்பதும் சரியாக வேலை செய்கிறது என்பதும் வேறு வேறு. உறக்கநிலையிலிருந்து எழும்பாத மடிக்கணினி, ஒலி வராத மேசைக் கணினி, புரொஜெக்டரைக் காணாத வகுப்பறைக் கணினி ஆகியவை எல்லாம் கெர்னல் எழும்பியபின் தெரியவரும் கோளாறுகள். பயனர் அதைச் சகித்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினால், இடையில் வரும் புதுப்பிப்புகள் சரியாக ஓடிய கடைசிக் கெர்னலை அகற்றிவிடும். பட்டியில் இரண்டு மூன்று கெர்னல்கள் இருக்கும். எல்லாவற்றிலும் அதே கோளாறு இருக்கும். திரும்பிப் போக வழி இருப்பதுபோல் தோன்றும், வழி இருக்காது. நன்றாக ஓடிய ஒன்றைப் பயனரே பிடித்துவைக்கக் கட்டளைகள் உண்டு. டெபியன் வழியில் ஆப்ட்மார்க் கருவியால் ஒரு பொதியைக் கையால் நிறுவியது என்று குறித்துவிட்டால் தானாக அகற்றப்படாது. ஆனால் தெரிந்தவருக்கு மட்டுமே பயன்படும் காப்பு பொதுமக்களுக்கான காப்பாகாது.

திரும்பிப் போகும் வழி கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. ஒரே இயங்குதளம் உள்ள உபுண்டு கணினியில் கிரப் பட்டி இயல்பாக மறைந்திருக்கும். பழைய பயோஸ் கணினியில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும்; புதிய யூஈஎஃப்ஐ கணினியில் எஸ்கேப்பைத் தட்ட வேண்டும்; அதன்பின் ‘மேலதிகத் தெரிவுகள்’ என்ற உள்பட்டிக்குள் போக வேண்டும். எழும்பல் தோற்றால் அடுத்த முறை பட்டியைக் காட்டும் ஏற்பாடு உண்டு என்றாலும், பழைய கெர்னலைத் தானாகத் தெரிவு செய்வதில்லை. அண்ட்ரொய்ட் தொலைபேசிகள் பலவும் இதில் பல படி முன்னால் நிற்கின்றன. புதிய பதிப்பை இரண்டாவது பார்ட்டிஷனில் வைத்து, சில முறை எழுப்பிப் பார்த்து, எழும்பாவிட்டால் பயனர் கேட்காமலே பழையதற்குத் திரும்பிவிடுகின்றன. சிஸ்டம்டி பூட் என்ற தொடக்க நிரலிலும் இந்தக் கணக்கு உண்டு. எத்தனை முயற்சி மிச்சம் என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வைத்து ஒவ்வொரு முறையும் குறைத்து வருகிறது. இதை இயல்புநிலையாக ஆக்காமல் விட்டிருப்பது மேசைக் கணினி விநியோகங்களின் நெடுநாள் அலட்சியம்.

பதிப்பெண் ஒட்டாமல் பொதுவாகக் கிடக்கும் துணைக்கோப்புகள் இன்னொரு ஓட்டை. வைஃபை அட்டைக்கும் திரை அட்டைக்கும் தேவையான ஃபேர்ம்வெயார் கோப்புகள் எல்லாக் கெர்னல்களுக்கும் பொதுவான ஒரே கோப்புறையில் இருக்கின்றன. ஃபேர்ம்வெயார் பொதி புதுப்பிக்கப்பட்டால் பழைய கெர்னலுக்கும் புதிய ஃபேர்ம்வெயார்தான் கிடைக்கும். அதனால் பழைய கெர்னலுக்குத் திரும்பினாலும் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்பியதாகாது. தடைப்பட்டியலில் சேர்த்த மொடியூல்கள், கிரப்பின் பொது அமைப்பு ஆகியவையும் இப்படியே. கெர்னல் மாறாமல் அதற்குப் பக்கத்தில் உள்ள ஒரு கோப்பு மட்டும் மாறினால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் விண்டோஸ் கெர்னலுக்குள் ஓடுவது. அதற்கு அனுப்பிய ஒரே ஒரு உள்ளடக்கக் கோப்பின் பிழையால், மைக்ரோசொஃப்ட்டின் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் கணினிகள் விழுந்தன. டிரைவர் மாறவில்லை, விண்டோஸ் மாறவில்லை. பாதுகாப்பு முறையில் எழுப்பி, அந்தக் கோப்பை அழித்து, ஒவ்வொரு கணினியாகக் கையால் மீட்க வேண்டியிருந்தது. கெர்னலுக்குக் காட்டும் எச்சரிக்கையைத் துணைக்கோப்புக்கும் காட்ட வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

சிறிய ஊர்களில் மிக அடிக்கடி உதைக்கும் துணைக்கோப்பு எதுவென்றால், கெர்னலோடு வராத டிரைவர். கடையில் வாங்கும் மலிவான யூஎஸ்பி வைஃபை டொங்கிள்களில் பலவற்றுக்குள் இருப்பது ரியல்டெக் சிப். அவற்றில் பலவற்றுக்கு நெடுங்காலம் கெர்னலுக்குள் நல்ல டிரைவர் இருக்கவில்லை. வெளியிலிருந்து மூலநிரலை எடுத்துக் கட்ட வேண்டியிருந்தது. டெல் நிறுவனம் உருவாக்கிய டிகேஎம்எஸ் இந்த வேலையைத் தானியக்கமாக்கியது: புதிய கெர்னல் வரும்போதெல்லாம் அதன் ஹெடர் கோப்புகளை வைத்து டிரைவரை மறுபடி கட்டி, உரிய பதிப்பெண் கோப்புறைக்குள் வைக்கும். யோசனை நல்லது. ஆனால் லினக்ஸ் கெர்னல் தன் உள் இடைமுகங்களை நிலையாக வைத்திருப்பதாக ஒருபோதும் வாக்குக் கொடுத்ததில்லை. 4.15இல் டைமர் இடைமுகம் மாறியது, 5.6இல் புரொக் கோப்புகளைக் கையாளும் முறை மாறியது. ஒவ்வொரு முறையும் வெளி டிரைவர்கள் கட்டப்படாமல் நின்றன. ஹெடர் பொதி நிறுவப்படாத கணினியில் டிகேஎம்எஸ்ஸால் எதையுமே கட்ட முடியாது. செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கட்டிய டிரைவருக்குக் கையெழுத்தும் வேண்டும்.

விளைவு ஒரு முட்டுச்சந்து. புதிய கெர்னலில் டொங்கிள் இயங்கவில்லை. டொங்கிள்தான் வீட்டின் ஒரே இணையம். திருத்திய டிரைவரை இறக்க இணையம் வேண்டும். பழைய கெர்னலை வைத்திருக்கும் முறை இங்கேதான் முழு மதிப்பையும் காட்டுகிறது: பட்டியில் பழையதைத் தெரிவு செய்தால் இணையம் திரும்பிவிடும். அதுவும் இல்லாதபோது அண்ட்ரொய்ட் தொலைபேசியை யூஎஸ்பி வயரால் இணைத்து டெதரிங் போடலாம். அதற்கான டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருப்பதால் எதையும் கட்ட வேண்டியதில்லை. நிலைமை மெல்லத் தேறியும் வருகிறது. 6.2 முதல் பல ரியல்டெக் யூஎஸ்பி சிப்களுக்கான ஆதரவு கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. டொங்கிள் வாங்குமுன் அதன் சிப் எதுவென்று கேட்டு, கெர்னலுக்குள் டிரைவர் உள்ளதை வாங்குவது எந்தக் கருவியையும்விட நல்ல தீர்வு.

இணையச் செலவைக் குறைக்கப் பொதிகளைப் பென் டிரைவில் கொண்டுபோவதும் உண்டு. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒருவர் கல்குடாவிலுள்ள வீட்டுக் கணினிக்காக உபுண்டு கெர்னலை இறக்கிக் கொண்டுபோகிறார் என்று வைத்துக்கொண்டால், கெர்னல் பொதியை மட்டும் எடுத்துச் செல்வது போதாது. மொடியூல் பொதி தனி, மேலதிக மொடியூல் பொதி தனி, ஹெடர் பொதிகள் இரண்டு. மேலதிக மொடியூல்களை விட்டுவிட்டால் கணினி எழும்பும், ஒலியோ வைஃபையோ இருக்காது. இந்தப் பிழையைப் பலரும் கெர்னலின் கோளாறு என்றே எண்ணிக்கொள்கிறார்கள். மேலதிக மொடியூல்களைத் தனிப் பொதியாகப் பிரித்தது மேகக் கணினிகளுக்கு இடம் மிச்சப்படுத்த. வீட்டுப் பயனருக்கு அது தேவையற்ற சிக்கல்.

தொடக்கக் கோப்பின் அளவைக் குறைக்கச் சொல்லப்படும் வழியையும் எடைபோட வேண்டும். இந்தக் கணினிக்குத் தேவையான டிரைவர்களை மட்டும் வைத்துக் கட்டு என்று அமைப்பை மாற்றினால் கோப்பு பல மடங்கு சிறுக்கும். இடப் பிரச்சினை தீரும். ஆனால் பழுதான கணினியின் வன்தட்டைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி ஓட்டும்போது அது எழும்பாமல் போகலாம். புதிய கணினி வாங்குவது பெரும் செலவாக இருக்கும் இடங்களில் வன்தட்டு இப்படிக் கைமாறுவது சாதாரணம். ஆகவே மடிக்கணினிக்கு இந்தச் சிக்கனம் பொருந்தும். பாடசாலைக் கூடத்துக்குப் பொருந்தாது. நிறுவும்போதே பூட்டுக்கு ஒரு ஜிபி ஒதுக்குவதும், தனிப் பார்ட்டிஷன் தேவையில்லாத இடத்தில் அதைத் தவிர்ப்பதும் இதைவிட நேரான வழிகள்.

கெர்னலையும் தொடக்கக் கோப்பையும் ஒரே கோப்பாகச் சேர்த்து, விநியோகத்தாரே கட்டிக் கையெழுத்திட்டுத் தரும் ஒருங்கிணைந்த கெர்னல் கோப்பு இப்போது முன்வைக்கப்படும் மாற்று. சரிபார்ப்புக்கு வெளியே நின்ற தொடக்கக் கோப்பை அது உள்ளே கொண்டுவருகிறது. பாதியில் நிற்கும் கட்டுமானம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் செய்கிறது. இறக்க வேண்டிய அளவு கூடும், உள்ளூரில் கட்டும் டிரைவர்களை அதற்குள் சேர்க்க முடியாது என்பவை அதன் விலை. ஒரே வகைக் கணினிகள் வரிசையாக உள்ள கூடங்களுக்கு அந்த விலை கொடுக்கத் தகும். பத்து வகைக் கணினியும் பழைய டொங்கிளும் கலந்து கிடக்கும் இடத்துக்கு, பதிப்பெண் ஒட்டிப் பக்கத்தில் வைக்கும் இன்றைய முறையே இன்னும் சில ஆண்டுகளுக்கு ஏற்றது.

அதைப் பின்பற்றும் கூடப் பொறுப்பாளர் செய்ய வேண்டியது அதிகமில்லை. புதுப்பிக்குமுன் பூட்டில் குறைந்தது ஒன்றரைத் தொகுதிக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதுப்பித்தபின், மீள இயக்குமுன், புதிய பதிப்பெண்ணில் தொடக்கக் கோப்பு இருக்கிறதா என்று ஒருதரம் பட்டியலிட்டுப் பார்க்க வேண்டும். கிரப் பட்டியைச் சில விநாடிகளாவது காட்டும்படி அமைக்க வேண்டும். வைஃபை, ஒலி, புரொஜெக்டர், உறக்கநிலை எல்லாம் புதிய கெர்னலில் சரியாக இயங்குவதைப் பார்க்கும்வரை பழைய தொகுதியை அகற்றக் கூடாது. மாரிகாலம் தொடங்கி மின்சாரம் அடிக்கடி நிற்குமுன், வருடத்தில் ஒருமுறையாவது, பழைய கெர்னலில் வேண்டுமென்றே எழுப்பிப் பார்த்து அது இன்னும் எழும்புகிறது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.